பிரளயத்தைப் பார்த்துச் சிரிக்கலாமா?

ஒரு படம், இரண்டு கட்சி!

"இன்னும் 6 மாதம் 14 நாளில் உலகம் அழியப் போகிறது!"

யாராவது வந்து இப்படிச் சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அழுவீர்களா? ஓடுவீர்களா? கோவிலுக்குப் போவீர்களா?

"அதெல்லாம் ஒன்றும் செய்ய மாட்டீர்கள். ஒரு பாட்டுக்காரியின் காதல் முறிந்த செய்தியை டெலிவிஷனில் பார்த்துக் கொண்டிருப்பீர்கள்" என்று கேலி செய்தது ஓர் ஆங்கிலப் படம்.

படத்தின் பெயர் 'டோன்ட் லுக் அப்'. 'மேலே பார்க்காதே' என்று அர்த்தம்.

2021-ம் ஆண்டு டிசம்பர் 24-ந்தேதி 'நெட்பிளிக்ஸ்' மூலம் இந்தப் படம் வீடு வீடாக வந்தது. தியேட்டருக்குப் போக வேண்டியதில்லை. கூடத்தில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள்.

பார்த்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டார்கள். "இதைவிட நல்ல படம் உண்டா?" என்றது ஒரு கட்சி. "இதுவும் ஒரு படமா?" என்றது மறு கட்சி.

கதை என்ன?

அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி மாணவி. இரவில் வானத்தை ஆராய்கிறாள். ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபிடிக்கிறாள். எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

அவளுடைய பேராசிரியர் கணக்குப் போடுகிறார். போடப் போட அவர் முகம் வெளுக்கிறது. அந்த வால் நட்சத்திரம் பூமியை நோக்கி வருகிறது! அதன் அகலம் 5 முதல் 10 கிலோ மீட்டர். மோதினால் மனிதர், விலங்கு, புல் பூண்டு எதுவும் மிஞ்சாது.

இருவரும் ஜனாதிபதி மாளிகைக்கு ஓடுகிறார்கள். அங்கே அவர்களை மணிக்கணக்கில் காக்க வைக்கிறார்கள். உயர்ந்த ராணுவ அதிகாரி ஒருவர் தின்பண்டம் கொண்டு வந்து கொடுத்து, காசும் வாங்கிக் கொள்கிறார். பிறகுதான் தெரிகிறது, அந்த மாளிகையில் தின்பண்டம் இலவசம் என்று!

ஜனாதிபதி ஒரு பெண்மணி. அவருக்குத் தேர்தல் கவலை. "இப்போதைக்குச் சும்மா இருப்போம், பார்த்துக் கொள்ளலாம்" என்று அனுப்பி விடுகிறார்.

டெலிவிஷனுக்குப் போகிறார்கள். அங்கே சிரித்துச் சிரித்துப் பேசுகிறார்கள். மாணவி பொறுக்க முடியாமல் கத்துகிறாள். மறுநாள் ஊரே அவளைக் கேலி செய்கிறது.

கடைசியில் ராக்கெட் புறப்படுகிறது. ஆனால் பாதி வழியில் திருப்பி அழைக்கப்படுகிறது! ஏன்? அந்த வால் நட்சத்திரத்தில் விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றனவாம். ஒரு பெரிய கம்பெனி முதலாளி அதைத் துண்டு துண்டாக்கிப் பணமாக்க ஆசைப்படுகிறார்.

இதற்குள் வால் நட்சத்திரம் வெறுங் கண்ணுக்கே தெரிகிறது. "மேலே பாருங்கள்" என்கிறார்கள் விஞ்ஞானிகள். "மேலே பார்க்காதீர்கள்" என்று கூட்டம் போடுகிறார் ஜனாதிபதி.

முடிவு? முதலாளியின் திட்டம் தோற்றது. உலகம் அழிந்தது.

பேராசிரியராக லியனார்டோ டிகாப்ரியோவும், மாணவியாக ஜெனிபர் லாரன்சும், ஜனாதிபதியாக மெரில் ஸ்ட்ரீப்பும் நடித்தார்கள். டைரக்டர் ஆடம் மெக்கே. வால் நட்சத்திரம் என்பது ஒரு சாக்குத்தான். பூமி சூடேறி வருகிறது என்று விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகச் சொல்லியும் உலகம் கேட்கவில்லை. அதைத்தான் அவர் இப்படிக் காட்டினார்.

கோபாலபுரத்தில் ஒரு வீடு

சென்னை கோபாலபுரத்தில் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். தாத்தா, அம்மா, கல்லூரியில் படிக்கும் பேரன். 2021 டிசம்பர் 26-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை மாலை. பேரன் இந்தப் படத்தைப் போடுகிறான். கதையைத் தமிழில் சொல்லிக் கொண்டே வருகிறான்.

தாத்தாவுக்கு ஆங்கிலப் படம் புதிதல்ல. இளமையில் ஜெமினி பக்கம் நடந்து போய் 'சபையர்' தியேட்டரில் படம் பார்த்தவர். 1964-ல் திறந்த அந்தத் தியேட்டர் இன்று இல்லை.

தின்பண்டத்துக்குக் காசு வாங்கும் காட்சி வந்தது. தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். "நான் வேலை பார்த்த ஆபீசிலும் இதே கதைதானடா! அமெரிக்கா என்றால் வேறு மாதிரி இருக்கும் என்று நினைத்தேன்" என்றார்.

பேரனுக்குச் சிரிப்பு வரவில்லை. "சிரிக்காதீர்கள் தாத்தா. இதெல்லாம் நிஜமாகவே நடந்து கொண்டிருக்கிறது" என்றான்.

அம்மாவுக்கோ எரிச்சல். "ஜனங்கள் எல்லோரும் முட்டாள்கள், இவர்கள் மட்டும் புத்திசாலிகளா? இரண்டு மணி நேரமாக உட்கார வைத்துத் திட்டுகிறார்களே!" என்றாள்.

வீட்டில் மூன்று பேர், மூன்று அபிப்பிராயம். அந்த வாரம் உலகம் முழுவதும் எழுந்த சண்டை இதுதான்.

படத்தைப் பார்த்த கூட்டத்துக்குக் குறைவில்லை. டிசம்பர் 27 முதல் ஜனவரி 2 வரை ஒரே வாரத்தில் இந்தப் படம் 15 கோடி மணி நேரத்துக்கு மேல் ஓடியது. நெட்பிளிக்ஸில் அதுவரை எந்தப் படமும் ஒரு வாரத்தில் அவ்வளவு ஓடியதில்லை.

ஆனால் விமரிசகர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். "கேலி என்றால் ஊசி போல் இருக்க வேண்டும், இது உலக்கையால் அடிக்கிறது" என்பது அவர்கள் குறை. அப்படியும் சிறந்த படம் உள்பட 4 ஆஸ்கார் பரிசுகளுக்கு இது போட்டியிட்டது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

கோபாலபுரத்துக்குப் புதிதல்ல

ஒரு படத்தைப் பார்த்து ஊர் இரண்டுபடுவது கோபாலபுரத்துக்குப் புதிய விஷயம் அல்ல.

முன்னாள் முதல்-அமைச்சர் கருணாநிதி பல ஆண்டுகள் வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. அவர் வசனம் எழுதிய 'பராசக்தி' 1952 தீபாவளிக்கு வெளிவந்தது. சிவாஜி கணேசனுக்கு அது முதல் படம். ஜனங்கள் வசனத்தை மனப்பாடம் செய்தார்கள். இன்னொரு பக்கம், "இந்தப் படத்தைத் தடை செய்ய வேண்டும்" என்று சிலர் சர்க்காரிடம் முறையிட்டார்கள்.

பிறகு 'சோ' வந்தார். 1968-ல் 'முகமது பின் துக்ளக்' நாடகத்தை மேடை ஏற்றினார். 1971-ல் அதுவே சினிமா ஆயிற்று. பல நூறு வருஷத்துக்கு முந்திய துக்ளக் மன்னன் சமாதியிலிருந்து எழுந்து வருகிறான். தேர்தலில் நிற்கிறான். பிரதம மந்திரி ஆகிறான். கட்சி மாறி வந்தவர்கள் எல்லோரையும் துணைப் பிரதமர் ஆக்கி விடுகிறான்!

ஒரு சாரார் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். அப்போது ஆட்சியில் இருந்த கட்சிக்காரர்கள் கோபம் கொண்டு எதிர்த்தார்கள்.

இந்தச் சண்டைகளில் ஒரு நியாயம் இருந்தது. யாரைக் கேலி செய்தார்களோ அவர்களுக்குக் கோபம் வந்தது. கேலி செய்தவர்களின் கட்சிக்காரர்கள் சிரித்தார்கள்.

'மேலே பார்க்காதே' படத்தின் கதை விசித்திரமானது. அதைத் திட்டியவர்களில் பலர் அதன் கருத்தை ஒப்புக் கொண்டவர்கள்! "பூமி சூடேறுவது உண்மைதான். அபாயம் உண்மைதான். ஆனால் சொன்ன விதம் சரியில்லை" என்றார்கள்.

இத்தனை பெரிய அபாயத்தைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லலாமா? அதுதான் வழக்கு.

விஞ்ஞானிகள் எந்தக் கட்சி?

படத்தைக் கண்டு மனம் குளிர்ந்தவர்கள் விஞ்ஞானிகள். 'மனம் குளிர்ந்தவர்கள்' என்பதைவிட 'மனம் விட்டு அழுதவர்கள்' என்று சொல்லலாம்.

பீட்டர் கால்மஸ் என்பவர் பருவநிலை ஆராய்ச்சியாளர். அமெரிக்க விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமான 'நாசா'வில் வேலை பார்த்தவர். "இந்தப் படம் மிகைப்படுத்தவில்லை. எங்கள் அனுபவம் அப்படியே இதில் இருக்கிறது" என்ற கருத்தில் அவர் ஒரு லண்டன் பத்திரிகையில் எழுதினார்.

அவர்கள் ஆதங்கத்துக்குக் காரணம் உண்டு. உலக நாடுகள் சேர்ந்து அமைத்த விஞ்ஞானிகள் குழு 1990-லேயே முதல் அறிக்கை கொடுத்தது. அதன் பிறகு அறிக்கை மேல் அறிக்கை. 2021 ஆகஸ்டில் வந்த அறிக்கை, "முன்னாளைவிட பூமியின் வெப்பம் 1.1 டிகிரி ஏறி விட்டது" என்றது. 30 வருஷமாகச் சங்கு ஊதுகிறார்கள். செவிடன் காதில் ஊதிய சங்காக இருக்கிறது என்பது அவர்கள் குறை.

வால் நட்சத்திரம் வந்தால் தடுக்க முடியுமா என்ற கேள்விக்கும் விஞ்ஞானிகள் விடை தேடியிருக்கிறார்கள். படம் வெளிவருவதற்கு ஒரு மாதம் முன்பு, 2021 நவம்பர் 24-ந்தேதி, நாசா 'டார்ட்' என்ற விண்கலத்தை அனுப்பியது. 2022 செப்டம்பர் 26-ந்தேதி அது 'டைமார்போஸ்' என்ற ஒரு சிறு விண்பாறையில் வேண்டுமென்றே மோதியது. அந்தப் பாறை தன் பெரிய பாறையை ஒருமுறை சுற்ற 11 மணி 55 நிமிடம் எடுத்துக் கொண்டிருந்தது. மோதியபின் அந்த நேரம் அரை மணிக்குமேல் குறைந்து விட்டது. பாறையின் பாதையை மனிதனால் மாற்ற முடியும் என்று நிரூபணம் ஆயிற்று.

ஆக, கருவி இருக்கிறது. கேட்கும் காதுதான் வேண்டும்.

அணுகுண்டைப் பார்த்துச் சிரித்த கதை

பேரழிவைக் கேலியாக்கிய முதல் படம் இது அல்ல.

1964-ல் ஸ்டான்லி குப்ரிக் என்ற டைரக்டர் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' என்ற படத்தை எடுத்தார். பைத்தியம் பிடித்த ஒரு ராணுவ அதிகாரி ரஷ்யா மீது அணுகுண்டு போட விமானங்களை அனுப்பி விடுகிறான். திருப்பி அழைக்க வழி தெரியாமல் தலைவர்கள் திண்டாடுகிறார்கள். பீட்டர் செல்லர்ஸ் மூன்று வேஷங்களில் நடித்தார். அந்தப் படத்திலும் முடிவு அழிவுதான்.

குப்ரிக் இதை முதலில் சோகக் கதையாகத்தான் எடுக்க நினைத்தார். எழுத எழுத, தலைவர்கள் நடந்து கொள்ளும் விதம் சிரிப்பாக வந்தது. அதனால் சிரிப்புப் படமாகவே எடுத்து விட்டார்.

அணுகுண்டுச் சண்டை வந்து விடுமோ என்று உலகம் நடுங்கிக் கொண்டிருந்த காலம் அது. கியூபாவில் ரஷ்ய ஏவுகணைகள் வந்து இறங்கிய நெருக்கடி முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "இதிலா விளையாட்டு?" என்று நியூயார்க்கின் பிரபல விமரிசகர் ஒருவர் முகம் சுளித்தார். இன்று அதே படத்தை உலகின் சிறந்த படங்களில் ஒன்று என்கிறார்கள்.

நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வருகிறானே, அவன் செய்வதும் இதுதான். ராஜா மேடையில் கர்ஜித்துக் கொண்டிருப்பார். கட்டியங்காரன் பக்கத்தில் நின்று அவரையே கேலி செய்வான். சோகக் கட்டத்திலும் சபை சிரிக்கும். ராஜாவிடம் யாரும் சொல்லத் துணியாததை அவன் சொல்லி விடுவான்.

ஆனால் ஒன்று. கூத்து பார்க்கிறவர் வீட்டில் அன்றே இழவு விழுந்திருந்தால், அவரால் சிரிக்க முடியுமா?

"எங்களுக்கு யாரும் சொல்லலியே!"

நமது கற்பனை வீட்டுக்கே திரும்புவோம்.

படம் ஓடும்போது வீட்டு வேலை செய்யும் அம்மாள் வந்தார். அவருக்குப் பட்டினப்பாக்கம். கோபாலபுரத்திலிருந்து 3 கிலோ மீட்டர் இருக்கும், கடலோரம். அன்று காலையில் அவர் கடலில் பால் ஊற்றி விட்டு வந்தவர். சுனாமியில் இறந்தவர்களுக்காக ஒவ்வொரு டிசம்பர் 26-ந்தேதியும் கடலோரத்து ஜனங்கள் பால் ஊற்றி, பூத் தூவி அழுவார்கள்.

அவரும் வாசற்படி ஓரம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பேரன் சொன்ன கதையைக் கேட்டார்.

"இன்னாம்மா இது? ஆறு மாசத்துக்கு முன்னாலயே தெரிஞ்சுதா இவங்களுக்கு?" என்று கேட்டார்.

"ஆமாம்" என்றாள் அம்மா.

"எங்களுக்கு ரெண்டு மணி நேரம்கூட யாரும் சொல்லலியேம்மா!"

தாத்தாவின் சிரிப்பு நின்று விட்டது.

வீடு கற்பனை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் கற்பனை அல்ல.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந்தேதி. அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். காலை சுமார் 6.30 மணிக்கு இந்தோனேசியாவின் சுமத்ரா தீவு அருகே கடலுக்கடியில் பூமி பிளந்தது. சென்னையிலேயே சிலர் கட்டில் ஆடியதை உணர்ந்தார்கள். அலை சென்னைக் கரையை அடைந்தபோது மணி 9-ஐ நெருங்கி விட்டது. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது!

அந்த நேரத்தில் மெரினாவில் மக்கள் நடந்தார்கள், சிறுவர்கள் விளையாடினார்கள். மீனவர்கள் வலையைச் சரி செய்தார்கள். யாருக்கும் தெரியாது. தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 8 ஆயிரம் பேர் மாண்டார்கள். நாகப்பட்டினம் மாவட்டத்தில்தான் பெருஞ்சேதம்.

ஒலிபெருக்கி காத்த ஊர்

அதே நாளில் ஓர் ஊர் தப்பியது.

புதுச்சேரிப் பகுதியில் உள்ள மீனவக் கிராமம் நல்லவாடு. அந்த ஊர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். டெலிவிஷனில் பூகம்பச் செய்தி பார்த்தார். ஊருக்குப் போன் செய்தார். அங்கே கடல் பொங்குவதாகச் சொன்னார்கள். "உடனே எல்லோரையும் ஓடச் சொல்லுங்கள்" என்றார்.

அந்த ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தகவல் நிலையம் ஒன்று இருந்தது. தினமும் கடல் எப்படி இருக்கும், மீன் விலை என்ன என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அன்று அதே ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்று கூவினார்கள். ஜனங்கள் ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் நாசமாயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் பிழைத்தன.

"இது உண்மையா, பொய்யா" என்று அங்கே யாரும் பட்டிமன்றம் நடத்தவில்லை. தினமும் உண்மை சொன்ன ஒலிபெருக்கி, அதனால் நம்பினார்கள்.

சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமெலு என்று ஒரு தீவு. 1907-ல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டு போயிற்று. அதைக் கதையாகவும் பாட்டாகவும் பாட்டிகள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். "பூமி ஆடினால் மலைக்கு ஓடு" என்பதுதான் அதன் சாரம். 2004-ல் பூமி ஆடியது. தீவே மலைக்கு ஓடியது. 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த இடத்தில் இறந்தவர்கள் 7 பேர்தான்!

ஒரு கதை உயிரைக் காக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தியாவும் பாடம் படித்தது. 2007-ல் ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வந்தது. 2012 ஏப்ரல் 11-ந்தேதி சுமத்ரா அருகே மீண்டும் பெரிய பூகம்பம். சென்னைக் கடற்கரையை விட்டு ஜனங்களைப் போலீசார் வெளியேற்றினார்கள். நல்லவேளை, அன்று பெரிய அலை வரவில்லை.

அதே வாரத்தில் மழை

படம் வந்த அதே வாரத்தில் சென்னைக்கு இன்னொரு சோதனை.

2021 டிசம்பர் 30-ந்தேதி, வியாழக்கிழமை. மதியத்துக்கு மேல் மழை பிடித்தது. விடவே இல்லை. ரோடுகள் ஆறாயின. சுரங்கப் பாதைகள் மூடப்பட்டன. வேலைக்குப் போனவர்கள் நள்ளிரவு வரை வீடு திரும்ப முடியாமல் தவித்தார்கள். மின்சாரம் தாக்கி 3 பேர் இறந்தார்கள்.

இவ்வளவு பெரிய மழை வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போயிற்று என்பதை வானிலை அதிகாரிகளே ஒப்புக் கொண்டார்கள்.

படத்தில் விஞ்ஞானிக்குத் தெரிந்திருந்தது, ஊர் கேட்கவில்லை. இங்கே ஊர் கேட்கத் தயாராக இருந்தது. சொல்ல ஆள் இல்லை. இரண்டிலும் தண்டனை ஒன்றுதான்.

மூன்று மீன்கள்

படத்தின் கடைசிக் காட்சி ஒன்று உண்டு. எல்லாம் முடிந்தது என்று தெரிந்ததும் பேராசிரியர் தம் வீட்டுக்குப் போகிறார். மனைவி, பிள்ளைகள், நண்பர்கள் எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். காபி நன்றாக இருக்கிறதா என்று பேசிக் கொள்கிறார்கள். சுவர் அதிரத் தொடங்குகிறது.

படத்தைத் திட்டிக் கொண்டிருந்த அம்மாவின் கண்ணில் அப்போது நீர் வந்தது. "இதை முதலிலேயே காட்டி இருக்கலாமே" என்றாள்.

தாத்தா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் படித்த பழைய கதை ஒன்றைப் பேரனுக்குச் சொன்னார். பஞ்சதந்திரக் கதைதான்.

ஒரு குளத்தில் மூன்று மீன்கள். வலைஞர்கள் வரப் போகிறார்கள் என்று தெரிந்ததும் முதல் மீன் வேறு நீர்நிலைக்குப் போய் விட்டது. இரண்டாவது மீன் வலையில் விழுந்தபின், செத்தது போல் நடித்துத் தப்பியது. மூன்றாவது மீன், "பார்த்துக் கொள்ளலாம்" என்று இருந்தது. அது குழம்புக்குப் போயிற்று.

"மூன்றாவது மீனை நினைத்தால் சிரிப்பு வருகிறது, இல்லையா?" என்றார் தாத்தா.

"வருகிறது" என்றான் பேரன்.

"சிரிக்கலாம், தப்பில்லை. சிரித்து முடித்ததும், நாம் எந்த மீன் என்று ஒருதரம் பார்த்துக் கொள்ள வேண்டும்."

வேலைக்கார அம்மாள் எழுந்து புடவையை உதறிக் கொண்டார். இருட்டுவதற்குள் பட்டினப்பாக்கம் போய்ச் சேர வேண்டும்.

"மழை வர்ற மாதிரி இருந்தா எனக்கும் ஒரு போன் பண்ணி சொல்லு தம்பி" என்றார்.

பேரன் அவருடைய நம்பரைக் கேட்டு எழுதிக் கொண்டான்.